தெமராரா எழுச்சியும் குவாமினாவும்

அடிமைமுறை ஒழிந்த வரலாற்றை எழுதுவோர் பிரித்தானியப் பாராளுமன்றத்தின் கருணையையே பெரிதும் எடுத்துரைப்பர். அக்கருணை சட்டமாகுமுன்னர் அடிமைகள் தாமே எழுந்து நின்றமை அத்துணை பேசப்படுவதில்லை. இன்றைய கயானாவின் பகுதியான தெமராராவில் 1823இல் நிகழ்ந்த எழுச்சி அதற்குத் தக்க சான்றாகும்.

அவ்வாண்டு இலண்டனிலிருந்து வந்த பணிப்புரையொன்று, வயல்களிற் சவுக்கேந்துதலையும் பெண்களைக் கசையால் அடித்தலையும் விலக்குமாறு கூறியது. குடியேற்றநாட்டு ஆட்சியாளர் அதனை வெளியிடாது காலங்கடத்தினர். ஆயினும், துரைமார் உணவு மேசையிற் பேசுவது பரிமாறுவோர் செவிக்கு எட்டாதிருக்குமா? அரசன் விடுதலை அளித்துவிட்டான், துரைமார் மறைக்கின்றனர் என்ற செய்தி தோட்டந்தோறும் பரவியது.

எழுச்சியைத் திட்டமிட்டோருள் முதன்மையானவர் 'சக்ஸஸ்' தோட்டத்திற் பீப்பாய் செய்த ஜாக் கிளாட்ஸ்டன். அவருடைய தந்தை குவாமினா, ஆபிரிக்காவிற் பிறந்த தச்சர். பாதிரியார் ஜோன் ஸ்மித்தின் தேவாலயத்தில் மூத்த உதவியாளர். ஜாக்கின் பெயரிலுள்ள 'கிளாட்ஸ்டன்' தோட்ட உரிமையாளருடையது. அவ்வுரிமையாளர் பிற்காலப் பிரதமர் கிளாட்ஸ்டனின் தந்தையாவார். 1838இல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளரைக் கயானாவுக்கு வருவிக்க முன்னின்றவரும் அவரே என்பது, மலையக வரலாறு அறிந்தோர் உற்றுநோக்கத்தக்கது.

வன்முறை வேண்டாம், வேலையை நிறுத்துவோம் என்பதே குவாமினாவின் ஆலோசனை. ஆகஸ்ட் 18இல் எழுச்சி தொடங்கியது. ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் இணைந்தனர். துப்பாக்கிகளைப் பறித்தனர், துரைமாரைத் தொழுமரத்திற் பூட்டினர். எனினும் கொல்லப்பட்ட வெள்ளையர் இருவர் அல்லது மூவரே. நாள்தோறும் சவுக்கடி பட்டோர் காட்டிய இவ்வடக்கத்தை அச்சமெனக் கொள்ளல் பொருந்தாது. சட்டம் தம் பக்கம் உள்ளதென நம்பியே அவர்கள் தேசாதிபதி மறேயிடம் நேரே உரிமை கேட்டனர். மறுமொழியாகக் கிடைத்தது துப்பாக்கிச் சூடே. இரண்டு நாட்களின் பின் 'பச்சிலர்ஸ் அட்வெஞ்சர்' தோட்டத்திற் படையினர் பெருங்கூட்டத்தைச் சுட்டு வீழ்த்தினர். செப்டெம்பரிற் குவாமினாவும் சுடப்பட்டார். அவரது உடல் 'சக்ஸஸ்' தோட்டத்தருகே சங்கிலியிற் தொங்கவிடப்பட்டது. ஜாக் நாடு கடத்தப்பட்டார்.

ஆனால் இங்கிலாந்தைக் கொதிப்படையச் செய்தது, மரணதண்டனை விதிக்கப்பட்ட ஸ்மித் 1824 பெப்ரவரியிற் சிறையில் நோயால் மாண்டமையே. 'தெமராராவின் தியாகி' எனும் பெயர் அவருக்கே வழங்கிற்று. ஸ்மித்தின் துயரைக் குறைத்துரைப்பது எம் நோக்கமன்று. எழுச்சியின் சிந்தனையும் அமைப்பும் பிறருடையவை என்பதே வாதம். 1833இல் அடிமைமுறையை ஒழித்த சட்டம் உரிமையாளருக்கு இரண்டு கோடி பவுண் இழப்பீடு வகுத்தது, உழைத்தோருக்கு எதுவுமில்லை.

ஜோர்ஜ்ரவுன் நகரில் தேசாதிபதி மறேயின் பெயர் தாங்கிய வீதி இன்று குவாமினா வீதியென வழங்குகின்றது.