தச்சும் கொத்தும்: இப்னு கல்தூன் நோக்கில் இரு தொழில்கள்

கட்டடக் கலை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் எழுந்து நிற்கும் மாளிகையையும் அதை எழுப்பச் சொன்ன மன்னரையும் பாடுகின்றனர். எழுப்பிய கைகளைக் குறித்து மௌனம் காக்கின்றனர். இதற்கு விதிவிலக்காக விளங்குபவர் இப்னு கல்தூன் (1332–1406). 1377இல், இன்றைய அல்ஜீரியாவிலுள்ள இப்னு சலாமா கோட்டையில் தங்கி அவர் எழுதிய ‘முகத்திமா’வின் ஐந்தாம் பகுதி, மனிதர் பிழைக்கும் வழிகளையும் தொழில்களையும் ஆராய்கிறது. கொத்து வேலைக்கு (பினா) ஓர் இயலும் தச்சு வேலைக்கு (நிஜாரா) ஓர் இயலும் அதில் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன.

நகர வாழ்வின் முதல் தொழில், மிகப் பழைய தொழில் என்று கொத்து வேலையை அவர் குறிப்பிடுகிறார். ஊரில் நிலைத்து வாழ்பவனுக்கே சுவர் தேவை. தச்சின் நிலை வேறு. கூடாரத்தின் கம்பமும் முளையும், ஒட்டகத்தின் மேல் அமைக்கும் பல்லக்கும், ஈட்டியும் வில்லும் அம்பும் பாலைவாசிக்கும் வேண்டும். கூரையும் கதவும் இருக்கையும் நகரவாசிக்கு வேண்டும். ஆகவே தச்சன் இரு சமூகங்களுக்கும் பொதுவானவன். கொத்தனோ நகரத்துக்கே உரியவன்.

அறிவு வகையிலும் இரண்டும் வேறுபடுகின்றன. மரத்தைத் துண்டுகளாக அறுத்துக் கடைந்து, அளவு பிசகாமல் ஒன்றோடொன்று இணைத்து, பார்வைக்கு ஒரே மரம்போலத் தோன்றச் செய்ய வேண்டுமெனில் விகிதங்களின் அறிவு இன்றியமையாதது. கிரேக்கக் கணித மேதைகளான யூக்ளிட், அப்பலோனியஸ், மெனெலாஸ் ஆகியோர் தச்சர்களாக இருந்தனர் என்ற செய்தியை இப்னு கல்தூன் இவ்விடத்தில் எடுத்துரைக்கிறார். தச்சை முதலில் கற்பித்தவர் நூஹ் (அலை) என்ற கூற்றையும் அவர் ஆராயாமல் ஏற்கவில்லை. கப்பல் கட்டிய அந்த நபி தச்சராக இருந்திருக்கலாம். ஆனால் அவரே முதல்வர் என்பதற்குச் சான்று இல்லை. தொழிலின் தொன்மையையே அக்கூற்று உணர்த்துகிறது என்பது அவர் முடிவு.

கொத்தனுக்கும் கணிதம் உண்டு. சுவரைத் தூக்குக் குண்டு கொண்டு நேராக்குதல், நீரோட்டத்துக்கு வாட்டம் பார்த்தல், கப்பிகளால் பெருங்கற்களை உயர்த்துதல் ஆகியவற்றுக்கு அது தேவை. எனினும் அவன் அறிவு சட்டத்தோடு பின்னியது என்பதே சிறப்பு. அண்டை வீட்டாரின் பொதுச்சுவர், சாய்ந்து நிற்கும் மதில், வீட்டைப் பங்கிடுதல் போன்ற வழக்குகளில் ஆட்சியாளர்கள் கட்டுமானம் அறிந்தோரின் கருத்தையே நாடினர் என்று அவர் எழுதுகிறார்.

இவ்விரு தொழில்களும் எவ்வாறு ஒன்றையொன்று சார்ந்துள்ளன என்பதற்கு அவர் விவரிக்கும் ‘தாபியா’ என்னும் மண்சுவர் முறை நல்ல சான்று. ஏறத்தாழ நான்கு முழ நீளமும் இரண்டு முழ உயரமும் கொண்ட இரு பலகைகளை எதிரெதிரே நிறுத்திக் கட்டி, இடையே சுண்ணாம்பு கலந்த மண்ணைக் கொட்டி இடிப்பர். இறுகியதும் பலகையைக் கழற்றி அடுத்த இடத்தில் வைப்பர். சுவருக்கு வடிவம் தந்தது மரம். ஆனால் சுவர் முடிந்தபின் மரத்தின் தடம் மட்டுமே மிஞ்சுகிறது.

குறைஷியர் கஅபாவைப் புதுப்பித்த வரலாறும் இதையே காட்டுகிறது. மக்காவில் கல்லுக்குப் பஞ்சமில்லை, மரமே அரிது. கரை ஒதுங்கி உடைந்த ஒரு கப்பலின் மரம் கிடைத்த பின்னரே கூரையுடன் கூடிய கட்டடம் கைகூடியது. கல் ஒரு வரிசையும் மரம் ஒரு வரிசையுமாக அது எழுந்தது என்று மக்காவின் வரலாற்றாசிரியர் அஸ்ரகீ பதிவு செய்துள்ளார்.

கல் தன் வரலாற்றைத் தானே காத்துக்கொள்கிறது, மரம் அவ்வாறன்று. மஸ்ஜிதுல் அக்ஸாவுக்கென நூருத்தீன் ஸன்கீ ஹிஜ்ரி 564இல் (1168–69) அலெப்போவில் செய்யப் பணித்த மிம்பரை, 1187இல் ஜெருசலேம் மீட்கப்பட்டபின் ஸலாஹுத்தீன் அங்கே நிறுவினார். ஆணியோ பசையோ இன்றி, வடிவியல் துண்டுகளின் பிணைப்பாலேயே நின்ற படைப்பு அது. 1969 ஆகஸ்ட் 21 அன்று வைக்கப்பட்ட தீயில் அது அழிந்தது. பள்ளியின் கற்சுவர்கள் நின்றன. எஞ்சிய துண்டுகளையும் பழைய புகைப்படங்களையும் கொண்டு அந்தப் பிணைப்பு முறையை மீண்டும் கண்டறிந்து, புதிய மிம்பரை 2007இல் நிறுவ 38 ஆண்டுகள் ஆயின. மரம் எளிதில் கிடைத்திருக்கும். மரத்தை இணைக்கும் அறிவே கைமாறாமல் அறுந்து போயிருந்தது.

நமக்கு அண்மையில் கோழிக்கோட்டின் மிஸ்கால் பள்ளி மரத்தச்சின் பெருமைக்குச் சான்றாக நிற்கிறது. கப்பல் உரிமையாளர் ஒருவர் 14ஆம் நூற்றாண்டில் எழுப்பிய அப்பள்ளி, 1510இல் போர்ச்சுகீசியரால் தீக்கிரையாகிப் பின் புதுப்பிக்கப்பட்டது. பழைய பள்ளிவாசல்களை இடித்துக் கான்கிரீட்டில் எழுப்பும் ஜமாஅத்துகள் இவ்விரு வரலாறுகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இடிப்பதற்கு முன் கதவு, உத்தரம், மிம்பர் ஆகியவற்றின் பொருத்துகளை வரைந்தும் அளந்தும் பதிவு செய்வதற்கு ஆகும் செலவு சொற்பம். கல்லுக்கு அப்பதிவு இல்லாவிடினும் ஓரளவு பாதகமில்லை. தச்சனின் அறிவுக்கோ அதைவிட்டால் வேறு புகலிடம் இல்லை.