இணையவழிக் காப்புப்படி

கணினியிலும் கைப்பேசியிலும் உள்ள கோப்புகளை நகலெடுத்து, இணையத்தின் வழியே வேறோர் ஊரில் இருக்கும் சேமிப்பகத்துக்கு அனுப்பி வைத்து, மூலக்கோப்பு அழிந்தால் அங்கிருந்து மீட்டுக்கொள்ளும் ஏற்பாடு இணையவழிக் காப்புப்படி. பேச்சில் ‘ஆன்லைன் பேக்கப்’ என்றும் ‘கிளவுட் பேக்கப்’ என்றும் சொல்வார்கள். மூலத்துக்கு நேரும் விபத்து நகலுக்கும் நேரக் கூடாது என்பதே இதன் அடிப்படை. மேசைமேல் கணினியும் அதன் பக்கத்திலேயே பேக்கப் எடுத்த ஹார்டு டிஸ்க்கும் இருந்தால், திருட வந்தவனுக்கு இரண்டும் ஒரே நடையில் கிடைத்துவிடும்.

நகலைத் தொலைவில் வைக்கும் வழக்கம் இணையத்துக்கு முந்தியது. நியூயார்க் மாநிலத்தில் காளான் வளர்ப்பில் பெரும்பணம் ஈட்டிய ஹெர்மன் நாஸ்ட், காளான் வளர்ப்பதற்காகவே கைவிடப்பட்ட ஓர் இரும்புச் சுரங்கத்தை 1936-இல் வாங்கினார். அணுகுண்டு அச்சம் பரவிய 1951-இல் அதே சுரங்கத்தை நிறுவனங்களின் ஆவணங்களைப் பாதுகாக்கும் பெட்டகமாக மாற்றினார். அதுதான் அயர்ன் மவுண்டன் நிறுவனத்தின் தொடக்கம். கணினிகள் வந்த பிறகு காகிதத்தோடு காந்த நாடாக்களும் இத்தகைய பெட்டகங்களுக்குப் போயின. இரவில் நாடாவில் நகலெடுப்பதும், காலையில் வேனில் ஏற்றி அனுப்புவதும் வங்கிகளிலும் பெரிய அலுவலகங்களிலும் அன்றாட வேலை ஆயின.

வேனின் வேலையைத் தொலைபேசிக் கம்பியிடம் ஒப்படைக்கும் முயற்சி 1990-களின் நடுவில் தொடங்கியது. அமெரிக்காவில் 1996-இல் கனெக்டட், 1997-இல் ஈவால்ட் ஆகிய நிறுவனங்கள் தோன்றின. தடையாக இருந்தது வேகம். மோடத்தில் நொடிக்கு 56 கிலோபிட் வேகம் முழுதாகக் கிடைத்து, இணைப்பு ஒருமுறைகூட அறுந்துபோகாவிட்டாலும், ஒரு ஜிகாபைட்டை அனுப்ப ஏறத்தாழ 40 மணி நேரம் ஆகும். அதுவரை வீட்டுத் தொலைபேசியில் யாரும் பேச முடியாது. ஆகவே கடிதங்கள், கணக்கு விவரங்கள் போன்ற சிறிய கோப்புகளோடு இந்தச் சேவைகள் நின்றுகொண்டன.

அனுப்ப வேண்டியதைக் குறைப்பது எப்படி என்ற கேள்விக்குக் கிடைத்த விடைகள்தாம் இந்தத் துறையை நிலைநிறுத்தின. ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கெராஸ் இருவரும் 1996-இல் ஆர்சிங்க் நிரலை வெளியிட்டார்கள். கோப்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் கைரேகை போன்ற ஓர் எண்ணைக் கணக்கிட்டு, இரு முனைகளிலும் அந்த எண்களை ஒப்பிட்டு, மாறிய பகுதியை மட்டும் அது அனுப்பும். 300 பக்கக் கோப்பு ஒன்றில் ஒரு பத்தி திருத்தப்பட்டால் அதைச் சுற்றியுள்ள சிறு பகுதியே பயணம் செய்யும். பெல் ஆய்வகத்தில் உருவாகி 2002-இல் வெளியான வென்டி என்ற சேமிப்பு அமைப்பு, துண்டின் கைரேகையையே அதன் முகவரியாக்கியது. ஒரே துண்டு எத்தனை முறை வந்தாலும் ஒருமுறைதான் சேமிக்கப்படும். அலுவலகத்தில் நூறு பேரிடம் ஒரே சுற்றறிக்கை இருந்தாலும் சேமிப்பகத்தில் அதற்கு ஓர் இடம் போதும்.

அகலக்கற்றை வீடுகளுக்குள் வந்த பிறகே பொதுமக்களுக்கான சந்தை பிறந்தது. 2005-இல் யூட்டாவில் மோசியும் பாஸ்டனில் கார்பனைட்டும், 2007-இல் கலிஃபோர்னியாவில் பேக்பிளேஸும் தொடங்கப்பட்டன. மாதம் சுமார் 5 டாலர், அளவுக்கு வரம்பில்லை என்பது அந்தக் காலத்தின் விற்பனைச் சொல். இதே ஆண்டுகளில், 2006 மார்ச்சில், அமேசான் தன் எஸ்-3 சேமிப்புச் சேவையை ஜிகாபைட்டுக்கு மாதம் 15 சென்ட் வாடகையில் திறந்தது. சொந்தமாக ஒரு சர்வர்கூட இல்லாத சிறு நிறுவனமும் அதன்மேல் காப்புப்படிச் சேவை நடத்த முடிந்தது.

ஐந்து டாலரில் இது எப்படிக் கட்டுப்படியாகும் என்பதற்கு பேக்பிளேஸ் 2009-இல் தன் சேமிப்புப் பெட்டியின் வரைபடத்தையே வெளியிட்டு விடை சொன்னது. சிவப்பு வண்ணம் அடித்த இரும்புப் பெட்டி. உள்ளே கடையில் கிடைக்கும் சாதாரண ஹார்டு டிஸ்க்குகள் 45. மொத்தம் 67 டெராபைட். அடக்கவிலை 7,867 டாலர். 2011-இல் தாய்லாந்து வெள்ளத்தில் டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கி விலை தாறுமாறாக ஏறியபோது, அந்த நிறுவனத்தின் ஊழியர்களும் நண்பர்களும் சில்லறைக் கடைகளில் ஏறி இறங்கினார்கள். ஆளுக்கு இரண்டுதான் என்று கடைகள் கட்டுப்பாடு வைத்ததால், ஒவ்வொரு கடையாகச் சுற்றி வெளிப்புற டிஸ்க்குகளை வாங்கி, பிளாஸ்டிக் கூட்டை உடைத்து உள்ளிருந்ததை எடுத்துப் பெட்டியில் மாட்டினார்கள்.

‘வரம்பில்லை’ என்ற வாக்குறுதி நீடிக்கவில்லை. படங்களும் காணொளிகளும் பெருகவே மோசி 2011-இல் அதைக் கைவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2014-இல் ஒன்டிரைவில் அறிவித்த வரம்பில்லாச் சேமிப்பை, சிலர் 75 டெராபைட்டுக்கு மேல் நிரப்பிவிட்டதாகச் சொல்லி மறு ஆண்டே திரும்பப் பெற்றது. கூகுள் போட்டோஸின் வரம்பில்லா இலவசச் சேமிப்பு 2021 ஜூன் 1-இல் முடிந்தது.

2008-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த டிராப்பாக்ஸ் இன்னொரு வகையைப் பரப்பியது. பேருந்தில் ஏறிய பிறகு பென் டிரைவை மறந்து வந்தது தெரிந்த எரிச்சலில் பிறந்த யோசனை என்று அதன் நிறுவனர் டிரூ ஹூஸ்டன் சொல்லியிருக்கிறார். ஒரு கருவியில் செய்த மாற்றம் மற்ற எல்லாக் கருவிகளிலும் உடனே தெரிவது இதன் வசதி. இதை ஒத்திசைவு என்பார்கள். 2011-இல் ஐகிளவுடும் 2012-இல் கூகுள் டிரைவும் வந்தபின் ஒத்திசைவையே காப்புப்படி என்று கருதும் வழக்கம் பரவியது. இரண்டும் ஒன்றல்ல. ஒத்திசைவில், ஓர் இடத்தில் தவறி அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். பழைய பதிப்புகளைச் சில காலம் வைத்திருக்கும் வசதியை இத்தகைய சேவைகள் தருவது இந்த ஓட்டையை ஓரளவு அடைப்பதற்காக.

அனுப்பும் முன்பே கோப்பைக் குறியாக்கம் செய்துவிட்டால் சேவை நடத்துபவரால்கூடப் படிக்க முடியாது. ஆனால் திறவுச்சொல்லை மறந்தவருக்கு எவராலும் உதவவும் முடியாது. வாட்ஸ்அப் 2021-இல் காப்புப்படிகளுக்கு இந்த முறையைத் தந்தபோது, கடவுச்சொல் அல்லது 64 இலக்கத் திறவுகோல் என்ற இரண்டில் ஒன்றைப் பயனரே காத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

சேமிப்பகங்களும் பழுதுபட்டிருக்கின்றன. 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 விழுக்காட்டினரின் அஞ்சல் மறைந்தது. பல தரவு மையங்களில் இருந்த நகல்களையும் அதே பிழை தாக்கியிருந்தது. கூகுள் அவற்றை மீட்டது காந்த நாடாக்களிலிருந்து. 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்தபோது, வேறிடத்தில் நகல் வைக்காத வாடிக்கையாளர்கள் தரவை நிரந்தரமாக இழந்தார்கள்.

கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதல்கள் பெருகிய பின் தொலைவு மட்டும் போதாமல் போனது. எப்போதும் இணைப்பில் இருக்கும் நகலைத் தாக்குபவனும் எட்டிவிடுவான். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட் அமைப்பு இவ்வாறு தாக்கப்பட்டது. இணைப்பில் இருந்த காப்புப்படியும் சேர்ந்தே பூட்டப்பட்டது. இணைப்புக்கு வெளியே நகல் இல்லாததால், சுமார் 5,000 அரசு மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் போயின. குறித்த காலம்வரை யாராலும் மாற்றவோ அழிக்கவோ முடியாதபடி நகலைப் பூட்டும் வசதிகள் இத்தகைய தாக்குதல்களுக்கு எதிராகப் பரவின. அமேசான் எஸ்-3 இதை 2018-இல் சேர்த்தது. மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்று புகைப்படக் கலைஞர் பீட்டர் கிரோக் எழுதி 2005 முதல் புழங்கும் 3-2-1 விதியோடு, இணைப்பில்லாத நகல் ஒன்று என்பதையும் பலர் சேர்த்துக்கொண்டார்கள்.

மீட்பதில் பழைய வேகச் சிக்கல் வேறு அளவில் தொடர்கிறது. நொடிக்கு 50 மெகாபிட் இணைப்பில் ஒரு டெராபைட்டை இறக்க 44 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் பேக்பிளேஸ் போன்ற சேவைகள், கேட்பவருக்குத் தரவை டிஸ்க்கில் ஏற்றிக் கூரியரில் அனுப்புகின்றன. திருப்பி அனுப்பினால் டிஸ்க்கின் விலை திரும்பக் கிடைக்கும். எதிர்த்திசையில், நிறுவனங்களின் தரவை ஏற்றிவர அமேசான் 2016-இல் 100 பெட்டாபைட் கொள்ளும் 45 அடிக் கன்டெய்னர் லாரி ஒன்றை அறிமுகப்படுத்தியது. ஸ்னோமொபைல் என்ற அந்த லாரிச் சேவை 2024-இல் நிறுத்தப்பட்டது.