கோடைக் காடும் வேட்டைச் சட்டமும்

ஆவணி மாதத்து உச்சிவேளையில் வன்னியிலோ, விந்தனையிலோ, அம்பாந்தோட்டைக்குக் கிழக்கேயுள்ள காடுகளிலோ ஒரு நாழிகை நடந்து பார்த்தவர்களுக்கு, காடு என்றால் நிழலும் குளிர்ச்சியும் என்று ஏட்டிற் படித்த எண்ணம் அங்கேயே கலைந்துவிடும். மழை ஓய்ந்து மாதங்கள் பல ஆகியிருக்கும். வடக்கிலே சோளகமும் கிழக்கிலே கச்சானும் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சி முடித்திருக்கும். அப்படியிருந்தும் காடு வெளியாகிவிடுவதில்லை. பாலையும் வீரையும் கோடையிலும் பசுமை மாறாத மரங்கள். அவற்றின் கீழே சூரையும் கிளாவும் ஈச்சையும் பின்னிக் கிடக்கும். பத்து யாருக்கு அப்பால் நிற்கும் யானைகூடக் கண்ணுக்குப் புலனாகாது. காலடியிற் சருகோ அப்பளம்போல் நொறுங்கும். வேட்டைக்குப் போகிறவன் மிருகத்தைக் காணுமுன்னர் மிருகம் அவனுடைய வரவைக் கேட்டுவிடும்.

இத்தகைய காட்டிலே மிருகத்தை எய்துவதற்கு மனிதன் கண்ட வழி மிகப் பழையது, எளியதும்கூட. தேடிப் போவதை விட்டுக் காத்திருப்பதே அவ்வழி. மாரியில் எங்கும் நீர் இருக்கும். ஆதலால் மிருகங்களும் எங்கும் இருக்கும். கோடையிலோ ஓடைகள் மணலாகி, குளங்கள் வெடித்து, பல மைல்களுக்கு ஒரு மடு, ஒரு வில்லு, ஒரு பாறைச்சுனை என்றாகிவிடும். காடு முழுவதும் அந்த ஒரு கை நீரை நோக்கி வந்தே தீரவேண்டும். புள்ளிமான் கூட்டம் பொழுது சாய்வதற்கு முன்னரே வரும். மரை அவ்வாறன்று, இருள் கவிந்தபின், நின்று நின்று, காற்றை முகர்ந்து முகர்ந்து வரும். பாலைப்பழக் காலத்திற் பழந்தின்று வயிறு நிரம்பிய கரடியும் தாகத்துக்கு இங்குதான் வரவேண்டும். யானையைவிடச் சிறுத்தையைவிடக் காட்டு மக்கள் பெரிதும் அஞ்சியது இந்தக் கரடிக்கே. நீர்க்கரைக்குப் போகிறவன் தோளிற் கோடாலி இருந்ததன் காரணமும் அதுவே.

நீருக்கு அண்மையிலே, காற்று நீரிலிருந்து தன்மேல் வீசும் பக்கமாக இடம் பார்த்து, பற்றைக்குள்ளோ மரத்திற் கட்டிய பரணிலோ அவன் இருப்பான். புகைக்க முடியாது, இரும முடியாது, நுளம்பை அடிக்கவும் முடியாது. கையில் உள்ளது இடியன் துவக்கு. ஒருமுறை வெடித்தால் மறுமுறை மருந்திட்டு இடித்து நிரப்புவதற்குள் மான் அடுத்த காட்டுக்குப் போய்விடும். ஆகவே ஓர் இரவுக்கு ஒரு வெடி. அதுவும் பலித்தால் உண்டு. மாசி, பங்குனியில் வெட்டிய சேனைக் குரக்கன் வீட்டிலே அடிப்பானையைத் தொடுகிற காலமும் இதுவே என்பதை நாம் மறந்துவிடலாகாது. காட்டில் நீர் வற்றும் மாதமும் குடிசையில் தானியம் வற்றும் மாதமும் ஒன்றாயிருந்தன. அவனை இரவு முழுவதும் அங்கே இருத்தியது வீர உணர்ச்சி அன்று.

இந்த வேட்டைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. காட்டு மனிதர் கண்டபடி கொன்று தின்றார்கள் என்று கருதுவோர் வேடரைப் பற்றி எழுதப்பட்டவற்றை ஒருமுறை படித்தல் நன்று. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறையிருந்து தப்பிச் சென்ற றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட நூலில் ஒரு செய்தியைச் சொல்கிறார். அம்பு முனை வேண்டிய வேடர் இரவிலே இறைச்சிச் சுமையைக் கொண்டுவந்து கொல்லன் பட்டறையில் தொங்கவிடுவர். தமக்கு வேண்டிய அம்பின் வடிவில் ஓர் இலையை வெட்டி அதனருகே தொங்கவிட்டுப் போய்விடுவர். கொல்லன் செய்து வைப்பான். அவர்கள் வந்து எடுத்துச் செல்வர். ஒருவரையொருவர் முகம் பாராமலே நடந்த பண்டமாற்று! மரப்பொந்திலே தேனை ஊற்றி, அதில் இறைச்சியை இட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்துப் பாதுகாக்கும் முறையையும் அவரே குறித்திருக்கிறார். கோடையின் மிகுதியை மாரிக்குச் சேர்த்துவைக்கத் தெரிந்தவர்களை, நாளையைப் பற்றி எண்ணத் தெரியாதவர்கள் என்று பின்வந்தோர் இகழ்ந்தது வேடிக்கையே.

1911 இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் ஆராய்ச்சி இன்னொன்றையும் நிறுவியது. ஒவ்வொரு வேடர் கூட்டத்துக்கும் தன் தன் வேட்டை நிலம் இருந்தது. எந்தக் குன்று, எந்த ஓடை எல்லை என்பது யாவருக்கும் தெரியும். ஒரு கூட்டத்தின் நிலத்தில் இன்னொரு கூட்டம் கேளாமல் வேட்டையாடுவதில்லை. வேட்டை பலிக்க வேண்டிக் கண்டே யக்காவை, அதாவது தம் முன்னோருள் பெருவேட்டைக்காரனாய் வாழ்ந்திறந்தவனின் ஆவியை, அம்பை நடுவில் வைத்து ஆடி அழைத்தார்கள். வேலியும் உறுதியும் இல்லாத காட்டுக்கு இவ்வாறு உடைமையாளர் இருந்தனர். அந்த உடைமைக்கு நினைவே பத்திரமாயிருந்தது.

வேடர் மட்டுமல்லர். ஏறாவூர் போன்ற கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களின் யானைப் பணிக்கர்கள் இதே கோடைக் காட்டைத் தம் தொழிற்சாலையாகக் கொண்டவர்கள். 1845 முதல் ஐந்து ஆண்டுகள் இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ற் இவர்களுடைய திறமையைக் கண்டு வியந்து எழுதினார். மிதிபட்ட புல்லிலிருந்தும் முறிந்த கொப்பிலிருந்தும் யானை போன வழியை இவர்கள் வாசிப்பார்கள். இருவரோ மூவரோ ஆயுதமின்றிப் பற்றைக்குள் ஊர்ந்து சென்று, நின்றுகொண்டிருக்கும் யானையின் பின்னங்காலில் தோற்கயிற்றுச் சுருக்கை மாட்டி, மறுமுனையை அருகிலுள்ள மரத்திற் பிணைத்துவிடுவார்கள். யானையைக் கொல்லுவதைவிட உயிரோடு பிடிப்பது கடினமான கலை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இத்தகைய காட்டுக்குள்ளேதான் துரைமார் நுழைந்தார்கள். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலமெல்லாம், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குச் சொந்தம் என்று கொள்ளவேண்டுமென விதித்தது. மலைநாட்டிற் கோப்பித் தோட்டக்காரனுக்கு நிலம் கொடுப்பதற்காகப் பிறந்த சட்டம் அது. ஆயினும் அதன் நிழல் தாழ்நிலக் காடுகள்மீதும் விழுந்தது. நினைவைப் பத்திரமாகக் கொண்டிருந்தவன் எந்த நீதிமன்றத்தில் எதைக் காட்டி நிரூபிப்பான்?

காடு முடிக்குச் சொந்தமாயிற்று. காட்டிலிருந்த யானையோ முடிக்குத் தொல்லையாயிற்று. தலைக்கு இவ்வளவு என்று சன்மானம் கொடுத்து யானையைக் கொல்லுவித்தது அரசாங்கம். 1848 க்கு முன்னர் மூன்று ஆண்டுக்கும் குறைந்த காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகளுக்கும், 1851 முதல் 1856 வரை தென் மாகாணத்தில் 2,000 யானைகளுக்கும் சன்மானம் வழங்கப்பட்டதாக டெனன்ற் கணக்குக் கூறுகிறார். பதுளையில் அரசாங்க உத்தியோகம் பார்த்த மேஜர் றொஜர்ஸ் ஒருவரே 1,400 க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார் என்று பதிவாகியிருக்கிறது. அவர் 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். யானைகளின் பழி என்று அக்காலத்துக் கிராமவாசி சொல்லியிருந்தால் அவனைக் குறைகூற மாட்டோம்.

1848 இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் இத்துறையின் பெரும் எழுத்தாளர். அவருடைய றைபிள் ஒன்றின் நிறை 21 இறாத்தல். பற்றைக் காட்டில் யானை கண்ணுக்குத் தெரியும் தூரம் சில அடிகளே என்பதால், ஒரே வெடியில் நெற்றியைத் துளைக்கும் கனமான குண்டு வேண்டியிருந்தது. தவறினால் இரண்டாவது துவக்கு பின்னாலிருந்து கைக்கு வரவேண்டும். அதற்கு ஆள் வேண்டும். துவக்குச் சுமப்பவன், தடம் பார்ப்பவன், நீர் சுமப்பவன், கூடாரம் சுமப்பவன் என்று ஒரு துரையின் பின்னே ஓர் ஊரே நடந்தது. வெயிலில் வறண்ட மண்ணிலே தடம் எளிதில் விழாது. விழுந்த தடம் நேற்றையதா இன்றையதா என்று அறிவது இன்னும் அரிது. அதை அறிந்து சொன்னவன் கிராமத்தவன். பற்றைக்குள் முதலில் தலையை நுழைத்தவனும் அவனே. நூல்களில் யானையின் உயரம் அங்குலக் கணக்கில் இருக்கிறது. துவக்கின் நிறை இருக்கிறது. மருந்தின் அளவு இருக்கிறது. தடம் பார்த்தவனுடைய பெயரைத்தான் தேடவேண்டியிருக்கிறது.

இவ்வாறு அரை நூற்றாண்டு சுட்டுத் தள்ளியபின், மிருகம் குறைந்துவிட்டதே என்ற கவலை அதே வர்க்கத்தாருக்கு உண்டாயிற்று. கவலை பொய்யானதன்று. மான்தோலும் மான்கொம்பும் ஏற்றுமதிச் சரக்காகிவிட்டன. வியாபாரி கொடுத்த முற்பணத்துக்காகக் கிராமத்தவனும் தன் தேவைக்கு மேலாகக் கொன்றான். இதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. 1891 இல் யானை, எருமை முதலியவற்றைக் காக்கச் சட்டம் வந்தது. 1894 இல் வேட்டை மிருகப் பாதுகாப்புச் சங்கம் அமைந்தது. அதை அமைத்தவர்களுட் பலர் தோட்டத் துரைமாரும் வேட்டைப் பிரியருமே. 1900 ஆம் ஆண்டில் யாலக் காடு ஒதுக்கப்பட்டபோது, அதன் அருகே ஒரு பகுதி உள்ளூரில் வாழும் கனவான் வேட்டைக்காரருக்கென்றே தனியாக வைக்கப்பட்டது. அனுமதிப்பத்திரம், கட்டணம், தடைக்காலம் என்ற சொற்கள் காட்டுக்குள் புகுந்தன.

இங்கேதான் நீர்க்கரையின் கதை திரும்புகிறது. கனவான்களின் வேட்டைத் தர்மத்திலே, தாகத்துக்கு வரும் மிருகத்தை நீர்க்கரையிற் பதுங்கியிருந்து சுடுவது இழிவு. மிருகத்துக்குத் தப்பிக்க வாய்ப்புக் கொடுத்து, தடம் தொடர்ந்து, நேருக்கு நேர் நின்று சுடுவதே ஆண்மை. கேட்பதற்கு உயர்ந்த நீதியாகவே தோன்றுகிறது. ஆனால் தடம் தொடர ஆளும், இரண்டாவது துவக்கும், வேட்டை பலிக்காவிட்டாற் கூடாரத்திலே தகரத்தில் அடைத்த உணவும் உள்ளவனுக்கு ஏற்ற நீதி அது. ஒரே வெடி மருந்தும் காலியான குரக்கன் பானையும் உள்ளவன் மிருகத்துக்கு எந்த வாய்ப்பைக் கொடுப்பது? நூற்றாண்டுகளாக வேட்டைக்காரனாயிருந்தவன், தான் எதையும் மாற்றாமலே, களவு வேட்டைக்காரன் ஆனான்.

இந்த மாற்றத்தை உள்ளிருந்து கண்டவர் ஒருவர் உண்டு. யாழ்ப்பாணத்திற் சேவையைத் தொடங்கியதால் எம்மவர்க்கும் அறிமுகமான லெனாட் வுல்ஃப், 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்தார். சேனைக்கு அனுமதி மறுப்பதும் வேட்டைச் சட்டத்தை நிறைவேற்றுவதும் அவருடைய கடமைகளாயின. அவற்றைக் கண்டிப்பாகவே செய்தார். அவர் காலத்தில் யாலக் காட்டின் காவலராயிருந்தவர் எங்கல்பிறெக்ற் என்ற போவர். தென்னாபிரிக்கப் போரிற் கைதியாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, பிரித்தானிய முடிக்கு விசுவாசச் சத்தியம் செய்ய மறுத்ததால் ஊர் திரும்ப இயலாது போனவர். தன் நிலத்தை ஏகாதிபத்தியத்துக்கு இழந்த விவசாயி, இன்னொரு நாட்டு விவசாயியிடமிருந்து அந்த ஏகாதிபத்தியத்தின் காட்டைக் காத்து நின்ற காட்சியைக் கதையாசிரியன் கற்பனை செய்திருந்தால் நாம் நம்பியிருக்க மாட்டோம்.

வுல்ஃப் இலங்கையை விட்டுப் போய், உத்தியோகத்தையும் துறந்து, 1913 இல் ஒரு நாவலை வெளியிட்டார். காட்டுக்கிராமம் ஒன்றின் கதை அது. அதன் நாயகன் சிலிந்து வேட்டைக்காரன். காட்டின் தாகத்தையும் பயத்தையும் அறிந்தவன். சேனை அனுமதியும் கடனும் ஊர்த்தலைவனின் சூழ்ச்சியும் அவனை நெருக்கி, இறுதியில் மிருகத்தை நோக்கிப் பழகிய துவக்கை மனிதரை நோக்கித் திருப்ப வைக்கின்றன. அந்த மக்களுக்கு எதிரான சட்டத்தில் கையொப்பமிட்ட அதே கை, பின்னர் அம்மக்களின் பக்கத்திலிருந்து எழுதியது. எழுத்தாளன் என்ற வகையில் அவருக்கு எம் மதிப்பு உண்டு. ஆனால் நாவல் வெளிவந்ததற்காக எந்தக் கிராமத்துக்கும் சேனை அனுமதி கிடைக்கவில்லை.

பின்னர் நிகழ்ந்தவை விரைவாகச் சொல்லத்தக்கவை. 1937 இல் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. 1938 இல் யாலவும் வில்பத்துவும் தேசிய வனங்களாயின. சுதந்திரத்தின்பின் 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் வேடரின் வேட்டை நிலங்கள் பலவற்றை நீருள் ஆழ்த்தியது. 1983 இல் மகாவலித் திட்டத்தோடு மாதுறு ஓயாத் தேசிய வனம் பிரகடனமானபோது, எஞ்சியிருந்த வேடரும் ஹெனானிகலைக் குடியேற்றத்துக்கு அனுப்பப்பட்டனர். ஊருவரிகே திசாஹாமியும் அவரைச் சேர்ந்த சில குடும்பங்களும் தம்பானையை விட்டுப் போக மறுத்தார்கள். துரைமார் ஆட்சி போய் முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. 1840 இன் கேள்வியோ அப்படியே இருந்தது.

காடும் மிருகமும் காக்கப்பட வேண்டும் என்பதில் எமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. 2023 இல் மட்டும் இந்நாட்டில் 400 க்கு மேற்பட்ட யானைகள் மடிந்தன. அண்மைய ஆண்டுகளில் யானைகளைக் கொல்பவற்றுள் முன்நிற்பது துவக்கு மட்டுமன்று. தின்பண்டத்துக்குள் மறைத்துவைக்கும் ‘ஹக்க பட்டாஸ்’ என்னும் வாய்வெடி. பன்றி இறைச்சி வியாபாரத்துக்காகப் பற்றைக்குள் போட்டுவிட்டுப் போகிறார்கள். யானைக்கன்று கடித்துத் தாடை சிதறிப் பல நாட்கள் பட்டினி கிடந்து சாகிறது. காற்றுப் பார்த்து, தடம் பார்த்து, எந்த மிருகம் என்று கண்டு, ஒரு வெடிக்காக இரவு முழுவதும் விழித்திருந்தவனின் அறிவு இந்த வேலைக்குத் தேவைப்படுவதில்லை.

ஆடி, ஆவணியில் இன்றும் யாலவின் நீர்நிலைகளைச் சுற்றி மிருகங்கள் கூடுகின்றன. வறட்சி முற்றும்போது சில வாரங்களுக்கு வனத்தை மூடிவிடுவதுண்டு. அதுவரை, கட்டணம் செலுத்தி வந்த ஜீப்புகள் நீர்க்கரையோரம் வரிசையாக நிற்கின்றன. உள்ளேயிருப்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, புகைப்படக் கருவியைக் கையிற் பிடித்தபடி, மான் வருமா, சிறுத்தை வருமா, கரடி வருமா என்று காத்திருக்கிறார்கள்.