மழைநாளில் ஒரு மாநகர்: நெடுநல்வாடை காட்டும் மதுரை

பண்டைத் தமிழகத்தின் பெருநகரங்களை எடுத்துரைப்போர் பெரும்பாலும் அவற்றின் விழாக்கோலத்தையே விரித்துரைப்பர். கொடிகள் அசையும் அங்காடியும் முரசு முழங்கும் மன்றமும் நினைவில் நிற்கும் அளவிற்கு, மழையில் நனைந்த நகரம் நினைவில் நிற்பதில்லை. அந்நகரத்தைக் காட்டும் பழைய சான்று ஒன்று தமிழில் உண்டு. பத்துப்பாட்டுள் ஏழாவதாக வைத்தெண்ணப்படும் நெடுநல்வாடையே அது. நக்கீரர் இயற்றிய இப்பாட்டு 188 அடிகளால் ஆயது. 1889ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த பத்துப்பாட்டின் வாயிலாக அச்சேறியது.

பாட்டில் நகரின் பெயரும் இல்லை. மன்னனின் பெயரும் இல்லை. எனினும், பாசறையில் வீரன் ஒருவன் ஏந்திய வேலின் தலையில் வேம்பு கட்டப்பட்டிருக்கின்றது. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூ. ஆதலின் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனே பாட்டுடைத் தலைவன் என்றும், அகப்பாட்டுப் போலத் தோன்றினும் இது புறப்பாட்டே என்றும் பழைய உரைமரபு கொண்டது. அவ்வழி நோக்கின், நூல் காட்டும் மூதூர் மதுரையே எனலாம்.

மழை நகரத்தை அடையுமுன் முல்லை நிலத்தைத் தாக்குகின்றது. வெள்ளத்திற்கு அஞ்சிய கோவலர் தம் ஆனிரையை மேட்டு நிலத்திற்கு ஓட்டிச் செல்கின்றனர். நெருப்பில் கை காய்ச்சிக் கன்னத்தில் ஒற்றியும் பல் நடுங்குகின்றனர். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. பால் உண்ண வந்த கன்றைப் பசு உதைக்கின்றது. இதன் பின்னரே மாடங்கள் ஓங்கிய நகரின் ஆறு போல் அகன்ற தெருக்கள் காட்சிக்கு வருகின்றன.

அந்நகரில் மழை முதலில் குலைப்பது காலக் கணக்கையே. கதிரவன் மறைந்தமையால் மாலைப்பொழுது வந்ததை அறிய இயலாத மகளிர், தட்டில் இட்ட பிச்சி அரும்புகள் மலர்வது கண்டே அதனை உணர்ந்து, இரும்பு விளக்கேற்றி, நெல்லும் மலரும் தூவி வழிபடுகின்றனர். மனைப்புறாக்கள் இரவு பகல் அறியாது மயங்கி, இரைதேடச் செல்லாமல் கால் மாற்றி மாற்றி நிற்கின்றன. மழைத்துளியைப் பொருட்படுத்தாது தெருவில் திரிவோர் கள்ளுண்டு களித்த வலிய உடலினர் மட்டுமே.

வரலாற்று மாணவர் சிறப்பாக நோக்கற்பாலது, அந்நாளில் பயன்படாது கிடந்த பொருள்களேயாம். வடநாட்டார் கொணர்ந்த அரைகல் தென்னாட்டுச் சந்தனத்தோடு வாளா கிடக்கின்றது. கம்மியன் அழகுறச் செய்த விசிறி முளையில் தொங்க, அதன்மேல் சிலந்தி நூல் பின்னுகின்றது. தென்றல் வரும் பொருட்டு மேனிலையில் அமைத்த பலகணிகள் தாழிடப்பட்டுள்ளன. குறுகிய வாய்க் குடத்து நீரை எவரும் நாடவில்லை. அகன்ற வாய்த் தடவின் நெருப்பையே நாடுகின்றனர். கோடைக்காகத் திட்டமிட்டுக் கட்டிய மாளிகை, தொலைநாட்டு வாணிகம், கைவினைத் தொழில் ஆகிய மூன்றும் இவ்விடத்துப் புலவர் புகழக் கருதாமலே வெளிப்படுகின்றன. புகழ்ச்சிக்கென எழுதப்பட்ட சொல்லினும், போகிற போக்கில் சொல்லப்பட்ட செய்தி பெரும்பாலும் நம்பத்தக்கது.

இம்மழை எது என்பதையும் நூலே உணர்த்துகின்றது. பாசறை விளக்குகளின் சுடர்கள் தெற்கு நோக்கிச் சாய்கின்றன. எனவே வீசுவது வடக்கிலிருந்து வரும் வாடை. மதுரைக்கும் இலங்கையின் கிழக்குக் கரைக்கும் பெருமழை தருவது வடகீழ்ப் பருவக்காற்றே. வாடையையும் கச்சானையும் பிரித்தறிந்து வயல் செய்யும் சவளக்கடை, கல்முனைப் பகுதி மக்களுக்கு நக்கீரரின் கூதிர்காலம் உரையின்றியே விளங்கும். பெரும்போக வயலை வாழவைக்கும் அதே மழை, வெள்ளமாகப் பெருகிக் கிட்டங்கி வழியை மூடும்போது நாவிதன்வெளிப் பிரதேசத்தின் போக்குவரத்தைத் துண்டித்துவிடுகின்றது.

மழை எல்லோர் மேலும் ஒருபடியாகப் பெய்யினும் எல்லோரையும் ஒருபடியாக நனைப்பதில்லை. மாடத்தார்க்கு அது தாழிட்ட கதவும் அகிற்புகையும். கோவலர்க்கு அது பெயர்ந்து செல்லும் துன்பம். அரசி தந்தக் கட்டிலில் தனிமையால் வருந்துகின்றாள். அரசனோ நள்ளிரவில் உறங்காது, சேணம் களையாத குதிரைகள் உடல்மேல் விழுந்த துளிகளைச் சிலிர்த்து உதறும் சேற்றுத் தெருவில், புண்பட்ட வீரரைக் காணச் செல்கின்றான். அவன் தலைக்கு மேல் வெண்குடை துளியை மறைக்கின்றது. புண்பட்டோர்க்குக் குடை பிடித்ததாகப் பாட்டில் இல்லை.

மதுரைக்கு அண்மையிலுள்ள கீழடியில் 2015 முதல் நிகழ்ந்த அகழாய்வுகள் செங்கற் கட்டடங்களையும் உறைகிணறுகளையும் கூரை ஓடுகளையும் வெளிக்கொணர்ந்துள்ளன. நகரம் எவற்றால் கட்டப்பட்டது என்பதை அவை கூறும். ஆனால் மழை பெய்த ஒரு நாளில் அந்நகரில் யார் காய்ந்திருந்தார், யார் நனைந்தார் என்பதை ஓடுகள் கூறா. அதனைக் கூறுவது நெடுநல்வாடை. ஒரு நகரின் செல்வத்தை அதன் விழாநாள் காட்டும். அச்செல்வம் யாருக்குக் கூரையாயிற்று என்பதை அதன் மழைநாளே காட்டும்.