கதிர்வீச்சுக்கு ஆளானவர்களின் மூளை ரத்த ஓட்டம்: ஸ்கேன் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

உடல் எடையில் மூளையின் பங்கு 2 சதவீதம்தான். ஆனால் இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறத்தாழ 15 சதவீதம் அதற்குப் போகிறது. இந்த ஓட்டம் எங்கே சீராக இருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்பதைப் படமாக எடுக்க முடியும். முன்பு கதிர்வீச்சுக்கு ஆளானவர்களுக்கு இந்தப் படம் எந்த அளவுக்கு உதவும் என்பதைப் பார்ப்போம்.

1986 ஏப்ரல் 26 அன்று, சோவியத் உக்ரைனில் செர்னோபில் அணுமின் நிலையத்தின் 4-ஆம் உலை வெடித்தது. தீயை அணைக்கவும் இடிபாடுகளை அகற்றவும் அனுப்பப்பட்டவர்களை 'லிக்விடேட்டர்கள்' என்பார்கள். 5 லட்சத்துக்கும் அதிகமானோர் அப்படிப் பதிவு செய்யப்பட்டனர். ஆண்டுகள் கழித்து, அவர்களில் பலர் தலைவலி, மறதி, தீராத அசதி என்று மருத்துவர்களிடம் வந்தார்கள். 1990-களில் அவர்களில் சிலருக்கு 'ஸ்பெக்ட்' ஸ்கேன் எடுத்துப் பார்த்தனர். மூளையின் சில இடங்களில் ரத்த ஓட்டம் குறைந்திருப்பதாக அறிக்கைகள் வந்தன.

டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்ந்த மருந்தை நரம்பில் ஊசியாகப் போடுவார்கள். ரத்தம் அதிகம் பாயும் இடத்தில் அது அதிகமாகப் போய், ஓரிரு நிமிடங்களில் மூளைத் திசுவில் தங்கிவிடும். பிறகு காமா கேமரா தலையைச் சுற்றி வந்து படம் எடுக்கும். ஆகவே படத்தில் தெரிவது, ஊசி போட்ட நேரத்து ரத்த ஓட்டம். ஊசிக்கு முன் அமைதியான, வெளிச்சம் குறைந்த அறையில் படுக்க வைப்பது இதனால்தான்.

சிக்கல் படத்தைப் படிப்பதில் இருக்கிறது. மனச்சோர்வு, நெடுநாள் மதுப்பழக்கம், உயர் ரத்த அழுத்தம், பழைய தலைக்காயம் எல்லாமே ஓட்டத்தைக் குறைக்கலாம். குறைந்த இடம் தெரியும். அதற்குக் காரணம் கதிர்வீச்சுதான் என்று படம் சொல்லாது. லிக்விடேட்டர்களுக்கு இது வெறும் ஆய்வுக் கேள்வி அல்ல. நோய்க்கும் விபத்துக்கும் தொடர்புண்டு என்ற முடிவைப் பொறுத்தே அவர்களுக்குச் சலுகைகள் கிடைத்தன. பதிவான அளவுகளின்படி அவர்கள் பெற்றது சராசரியாகச் சுமார் 120 மில்லிசீவர்ட். 2005-இல் செர்னோபில் மன்றம் வெளியிட்ட அறிக்கை, விபத்தின் மிகப்பெரிய பொதுச் சுகாதாரப் பிரச்சினை மனநல பாதிப்பே என்றது. அதற்காக அவர்களின் வேதனையைக் கற்பனை என்று ஒதுக்குவதும் நியாயமில்லை என்பது நம் கருத்து.

நம் குடும்பங்களில் அதிகம் காணக்கூடியது வேறு: புற்றுநோய்க்காகத் தலையில் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்கள். கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டிக்கு வழக்கமாக 60 கிரே கொடுப்பார்கள். கட்டி இருக்கும் பகுதிக்கு மட்டும், 30 தவணைகளாகப் பிரித்துக் கொடுத்தாலும், இது லிக்விடேட்டர்களின் சராசரியைப் போல ஏறத்தாழ 500 மடங்கு. இங்கே ரத்த ஓட்டப் படம் உண்மையில் கைகொடுக்கிறது. சிகிச்சைக்குப் பல மாதங்கள் கழித்து எம்.ஆர்.ஐ.-யில் புதிதாக ஓர் இடம் தெரிந்தால், கட்டி திரும்பியதா, கதிரால் திசு செத்ததா என்ற சந்தேகம் வரும். பெர்ஃபியூஷன் எம்.ஆர்.ஐ.-யில் பொதுவாகக் கட்டியில் ரத்த அளவு கூடியிருக்கும்; செத்த திசுவில் குறைந்திருக்கும். இதுவும் நூறு சதவீதம் உறுதியில்லை, சில சமயம் பயாப்ஸி தேவைப்படும்.

சிறு வயதில் மூளையின் அடிப்பகுதியில் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களில் சிலருக்கு, பெரிய ரத்தக்குழாய்கள் மெல்ல மெல்லச் சுருங்கி 'மோயாமோயா' என்ற நிலை வருவதுண்டு. அது பக்கவாதத்தில் கொண்டுபோய் விடலாம். இவர்களுக்கு அசிட்டசோலமைடு என்ற மருந்தைக் கொடுத்து மறுபடியும் படம் எடுப்பார்கள். நல்ல குழாய்கள் விரிந்து ஓட்டம் கூடும். ஏற்கெனவே முடிந்த மட்டும் விரிந்துவிட்ட பகுதியில் கூடாது. மாற்றுப் பாதை அமைக்கும் அறுவை சிகிச்சை தேவையா என்று முடிவெடுக்க இது உதவும்.

"ஏற்கெனவே கதிர் பட்டவருக்கு மறுபடியும் கதிரா?" என்று வீட்டில் கேட்பார்கள். ஸ்பெக்ட் ஸ்கேனில் சேர்வது சுமார் 7 மில்லிசீவர்ட். டெக்னீசியத்தின் வீரியம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். எம்.ஆர்.ஐ.-யில் இத்தகைய கதிர்வீச்சே இல்லை. கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் ஸ்பெக்டுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தலையின் எந்தப் பகுதிக்கு, எத்தனை கிரே, எந்த ஆண்டு என்று எழுதிய பழைய டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருந்தால், படத்தைப் படிப்பவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.