நேசமும் அச்சும்: ஒரு தங்கையின் கேள்வியும் ஓர் உலகப் போரும்

சென்ற வாரம் விடுதி உணவகத்தில், குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்துவரும் தங்கை ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "அக்கா, ஜெர்மனியும் ஜப்பானும் ஒரே அணிதானே? 1941இல் ஜெர்மனி ரஷ்யா மேல பாய்ஞ்சப்போ, ஜப்பான் ஏன் பின்பக்கத்துல இருந்து அடிக்கல?"

என் துறை மொழியியல். வரலாறு நான் விரும்பிப் படிப்பது மட்டுமே. ஆயினும் இக்கேள்வி என்னை இரண்டு நாள் விடவில்லை. நம் பாடநூல்கள் இரண்டாம் உலகப் போரை இரு பட்டியல்களாகக் கற்பிக்கின்றன. ஒருபுறம் நேச நாடுகள். மறுபுறம் அச்சு நாடுகள். பட்டியலை மனனம் செய்தவர்க்கு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அந்தத் தங்கையின் கேள்விக்கு விடை கிடைக்காது. அவ்விடையைத் தேடியதில் நான் கண்டதை இங்கே எழுதுகிறேன். பதிவு சற்று நீளமானது, பொறுத்தருள்க.

முதலில் சொற்களைப் பார்ப்போம். 'நேசம்' என்பது 'ஸ்நேஹ' என்னும் வடசொல்லின் வழிவந்தது. அன்பு, நட்பு என்பது அதன் பொருள். ஆனால் நாம் அச்சொல்லால் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் மூலமோ, 'கட்டுதல்' எனப் பொருள்படும் இலத்தீன் வினை. அதில் அன்பு இல்லை. கட்டு மட்டுமே உண்டு. மொழிபெயர்ப்பில் கட்டு நட்பாயிற்று. 'அச்சு' என்ற சொல்லை அரசியலில் பரப்பியவர் முசோலினி. 1936 நவம்பர் 1 அன்று மிலான் நகரில் பேசியபோது, பெர்லினையும் ரோமையும் இணைக்கும் கோட்டை ஐரோப்பா சுழலக்கூடிய அச்சு என அவர் வருணித்தார். வண்டியின் அச்சு இரு சக்கரங்களையும் ஒரே திசையில் உருட்ட வேண்டும். அந்த அச்சு அப்படி உருட்டியதா?

1936 நவம்பர் 25இல் ஜெர்மனியும் ஜப்பானும் கொமின்டர்ன் எதிர்ப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதற்கு ஓர் இரகசிய இணைப்பும் இருந்தது. அதன்படி, மற்றவரின் இசைவின்றி இருவரில் எவரும் அவ்வொப்பந்தத்தின் நோக்கத்துக்கு மாறாகச் சோவியத் ஒன்றியத்தோடு அரசியல் உடன்படிக்கை செய்துகொள்ளக் கூடாது. மூன்றாண்டுகள் கூட இது தாங்கவில்லை.

1939 மே மாதம், மங்கோலியாவுக்கும் ஜப்பானின் ஆளுகையில் இருந்த மஞ்சூரியாவுக்கும் இடையே கல்கின் கோல் என்னும் ஆற்றங்கரையில் சண்டை மூண்டது. ஜப்பானியர் இதை நொமொன்ஹான் என்பர். எல்லைத் தகராறாகத் தொடங்கியது, கோடையில் பீரங்கி வண்டிகளும் விமானங்களும் மோதும் பெரும்போராயிற்று. சோவியத் படைகளுக்கு மிக அருகிலிருந்த இரயில் முனையம் அறுநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. அவ்வளவு தொலைவுக்குப் பெரும்படை ஒன்றுக்கான தளவாடம் வந்து சேராது என ஜப்பானியத் தளபதிகள் கணக்கிட்டிருந்தனர். ஜுகோவ் ஆயிரக்கணக்கான லாரிகளைப் புல்வெளியில் ஓடவிட்டு அதைக் கொண்டுசேர்த்தார். ஆகஸ்ட் 20 அன்று தாக்குதலைத் தொடங்கி, சில நாட்களில் ஜப்பானியப் படையைச் சுற்றி வளைத்தார்.

ஜப்பானிய வீரர்கள் அந்த வளையத்துள் மடிந்துகொண்டிருந்த அதே வாரம், ஆகஸ்ட் 23 அன்று, ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப் மாஸ்கோவில் அமர்ந்து, சோவியத் ஒன்றியத்தோடு போரில்லா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஜப்பானின் இசைவு கேட்கப்படவில்லை. அந்த அதிர்ச்சியில் டோக்கியோவில் பிரதமர் ஹிரானுமாவின் அமைச்சரவை ஆகஸ்ட் 28 அன்று பதவி விலகியது. செப்டம்பர் நடுவில் மங்கோலிய எல்லையில் சண்டை நின்றது. அடுத்த நாளே, செப்டம்பர் 17இல், சோவியத் படைகள் போலந்தின் கிழக்கெல்லையைக் கடந்தன. மேற்கிலிருந்து ஜெர்மனி ஏற்கெனவே நுழைந்திருந்தது.

1940 செப்டம்பர் 27 அன்று ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் மூன்றும் பெர்லினில் முத்தரப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. தாளில் அச்சு இப்போது முழுமை பெற்றது. ஆனால் அடுத்த மாதமே, அக்டோபர் 28இல், முசோலினி கிரீசுக்குள் படையனுப்பினார். ஹிட்லரிடம் முன்கூட்டிக் கலந்து பேசவில்லை. 1941 மார்ச்சில் ஜப்பானிய வெளியுறவு அமைச்சர் மட்சுவோகா பெர்லின் சென்றார். சோவியத் ஒன்றியத்தின் மீது படையெடுக்கும் திட்டம் அப்போது தயாராகிக்கொண்டிருந்தது. ஹிட்லர் அதை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. மட்சுவோகா திரும்பும் வழியில் மாஸ்கோவில் இறங்கி, ஏப்ரல் 13 அன்று சோவியத்–ஜப்பான் நடுநிலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அவரை வழியனுப்ப ஸ்டாலினே இரயில் நிலையத்துக்கு வந்தார். பத்து வாரங்களில், ஜூன் 22இல், ஜெர்மானியப் படைகள் சோவியத் எல்லையை உடைத்து உள்ளே புகுந்தன.

தங்கையின் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. கல்கின் கோலில் பட்ட அடி ஜப்பானுக்கு நினைவிருந்தது. கையில் நடுநிலை ஒப்பந்தம் இருந்தது. வடக்கே கிடைப்பது குளிரும் போரும். தெற்கே கிடைப்பது எண்ணெயும் இரப்பரும். ஜூலை 2 அன்று பேரரசர் முன்னிலையில் கூடிய அவை, தெற்கு நோக்கிச் செல்வது என முடிவெடுத்தது; வடக்கில் நிலைமை மிகச் சாதகமானால் மட்டும் பார்த்துக்கொள்ளலாம் எனவும் வைத்துக்கொண்டது. இச்செய்தியை டோக்கியோவில் இயங்கிவந்த சோவியத் உளவாளி ரிச்சர்ட் சோர்கே மாஸ்கோவுக்கு எட்டச் செய்தார். கிழக்கிலிருந்து படைகள் இரயிலேறின. டிசம்பர் 5 அன்று மாஸ்கோவின் வாசலில் ஜுகோவ் எதிர்த்தாக்குதல் தொடங்கினார். இரண்டு நாள் கழித்து ஜப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. அந்த நாளை அது ஜெர்மனியிடம் முன்னரே சொல்லியிருக்கவில்லை. ஹிட்லர் டிசம்பர் 11இல் அமெரிக்காமீது போர் அறிவித்தார். ஜப்பானோ சோவியத் ஒன்றியத்தின் மீது போர் அறிவிக்கவில்லை.

அதன் விளைவைப் பாருங்கள். அமெரிக்கா கடன்–குத்தகைச் சட்டத்தின்கீழ்ச் சோவியத் ஒன்றியத்துக்கு அனுப்பிய சரக்கு ஏறத்தாழ 1.75 கோடி டன். அதில் சுமார் பாதி பசிபிக் வழியாக விளாடிவோஸ்டாக் உள்ளிட்ட கிழக்குத் துறைமுகங்களுக்குப் போயிற்று. ஜப்பானின் கண்முன்னே, ஜப்பானை ஒட்டிய நீரிணைகள் வழியே, சோவியத் கொடி பறந்த கப்பல்களில் உணவும் எரிபொருளும் இயந்திரங்களும் சென்றன. நடுநிலை ஒப்பந்தத்தை மதித்து, போர்த்தளவாடம் அல்லாத சரக்கை ஜப்பான் செல்லவிட்டது. தன் கூட்டாளியைக் கொல்லப் போகும் படைவீரனின் சோறு தன் வாசல் வழியே போவதை அது பார்த்துக்கொண்டிருந்தது.

ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் இடையே அக்காலத்தில் நேரடியாகப் போய்வந்தவை பெரும்பாலும் முற்றுகையை ஏய்த்துச் சென்ற சில கப்பல்களும் நீர்மூழ்கிகளுமே. 1943 ஏப்ரலில் மடகாஸ்கர் அருகே கடல் நடுவில், சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மானிய நீர்மூழ்கியிலிருந்து ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறினாரே, அது அத்தகைய அரிய சந்திப்புகளுள் ஒன்று.

நேச நாடுகள் மட்டும் மனமொத்தா இருந்தன? இல்லவே இல்லை. மேற்கில் இரண்டாம் போர்முனை திறக்கப்பட வேண்டும் என 1941இலிருந்து ஸ்டாலின் கேட்டார். 1942 என்றார்கள், 1943 என்றார்கள், வந்ததோ 1944. அவ்விடைவெளியில் சோவியத் மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டனர். சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் எங்கே இறங்குவது என்பதில் சண்டையிட்டனர். ஒருவரையொருவர் நம்பாத மூவர் அவர்கள். ஆனாலும் அவர்கள் கூடிப் பேசினர், தேதி குறித்தனர், குறித்த தேதியை இயன்றவரை காத்தனர். 1943 நவம்பர் 28 முதல் டிசம்பர் 1 வரை தெஹ்ரானில் நடந்த மாநாட்டில், மேற்கில் படையிறங்கும் காலத்தை ஒட்டிக் கிழக்கிலும் தாக்குதல் தொடங்குவதாக ஸ்டாலின் வாக்களித்தார். 1944 ஜூன் 6இல் நார்மண்டியில் படையிறங்கியது. ஜூன் 22–23இல் பேலாரஸ் சமவெளியில் சோவியத்தின் 'பக்ராத்தியோன்' தாக்குதல் தொடங்கியது. ஜூலை 3இல் மின்ஸ்க் மீட்கப்பட்டது. சில வாரங்களில் ஜெர்மனியின் மத்தியப் படைத்தொகுதி சிதறிப்போயிற்று.

அதே ஜூன் 22 அன்று நம் நாட்டிலும் ஒரு சாலை திறந்தது. கோஹிமாவிலிருந்து தெற்கே வந்த படையும் இம்பாலிலிருந்து வடக்கே வந்த படையும் 109ஆம் மைல்கல்லருகே சந்தித்தன. மார்ச் மாதம் ஜப்பானியர் இம்பாலை வளைத்தபோது, அரக்கானில் இருந்த 5ஆம் இந்திய டிவிஷனை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்தனர். அதற்கான விமானங்களுள், இமயம் தாண்டிச் சீனாவுக்குச் சரக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்த அமெரிக்க விமானங்களும் இருந்தன. எதிர்ப்பக்கத்தில் ஜப்பானியரோடு இந்திய தேசிய இராணுவத்தினர் நின்றனர். மலேயத் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர் பலர் அவ்விராணுவத்தில் சேர்ந்திருந்தனர். ஜப்பானியத் தலைமை சில வாரங்களுக்கான உணவோடு மட்டும் படைகளை மலையேற்றியிருந்தது. குண்டுபட்டு வீழ்ந்தோரைவிடப் பசியாலும் நோயாலும் மாண்டோர் மிகுதி.

இதுவரை வாசித்தவர்க்கு, 'அப்படியென்றால் நேச நாடுகளின் கட்டு நல்ல கட்டு' எனத் தோன்றலாம். அங்கேதான் 'நேசம்' என்னும் சொல் நம்மை ஏமாற்றுகிறது. அக்கட்டு உறுதியானது, ஆனால் மேசையில் அமர்ந்தவர்க்கு மட்டுமே.

போலந்துக்காகத் தொடங்கிய போரில், போலந்தின் எல்லைகள் போலந்தியர் இல்லாத அறைகளில் வரையப்பட்டன. 1945 பிப்ரவரியில் யால்டாவில், ஜெர்மனி வீழ்ந்து இரண்டு அல்லது மூன்று மாதங்களில் ஜப்பான்மீது போர்தொடுப்பதாக ஸ்டாலின் ஒப்புக்கொண்டார். அதற்கு விலையாக மஞ்சூரிய இரயில்பாதைகளில் பங்கும், போர்ட் ஆர்தர் துறைமுகத்தின் குத்தகையும் பேசப்பட்டன. அவை சீனாவின் மண்ணில் இருந்தவை. சீனாவும் நேச நாடே. 1937 முதல் ஜப்பானோடு போரிட்டுவந்த நாடு. யால்டாவில் அதற்கு நாற்காலி இல்லை.

இந்தியாவின் கதை நாம் அறிந்ததே. 1939 செப்டம்பர் 3 அன்று, இந்தியத் தலைவர் எவரையும் கேளாமல் வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவைப் போரில் சேர்த்தார். 1941இல் அட்லாண்டிக் சாசனம் எல்லா மக்களுக்கும் தம் ஆட்சிமுறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்றது. அடுத்த மாதமே சர்ச்சில் அது இந்தியாவுக்குப் பொருந்தாது என நாடாளுமன்றத்தில் விளக்கினார். 1943இல் வங்கத்தில் பஞ்சம். மாண்டோர் சுமார் 30 இலட்சம். தானியம் கேட்டு இந்தியாவிலிருந்து சென்ற வேண்டுகோள்களுக்கு இலண்டன் போர் அமைச்சரவை கேட்டதைவிடக் குறைவாகவே கொடுத்தது. 1944 ஏப்ரல் இறுதியில், ஆஸ்திரேலியக் கோதுமையை இந்தியாவுக்கு ஏற்றிவரக் கப்பல் தருமாறு சர்ச்சில் ரூஸ்வெல்ட்டைக் கேட்டார். போர்த்தேவைக்கான கப்பல்களைத் திருப்ப இயலாது என ரூஸ்வெல்ட் மறுத்துவிட்டார். விளாடிவோஸ்டாக்கிற்குப் போகக் கப்பல் இருந்தது. கல்கத்தாவுக்கு வர இல்லை. அந்தப் போரில் நேச நாடுகளின் பக்கம் நின்ற இந்தியப் படையில் தாமாகச் சேர்ந்தோர் சுமார் 25 இலட்சம் பேர் என்பதையும் இங்கே சேர்த்து எண்ணுக.

கதை தொடங்கிய இடத்திலேயே முடிந்தது. 1945 ஏப்ரல் 5 அன்று, நடுநிலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என மாஸ்கோ அறிவித்தது. அதன் காலம் முடிய இன்னும் ஓராண்டு இருந்தது. அந்த ஓராண்டை நம்பி, ஜூலையில் கூட ஜப்பானிய அரசு சமாதானத்துக்கு மாஸ்கோவைத் தூது நாடியது. மே 8இல் ஜெர்மனி சரணடைந்தது. சரியாக மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட் 8 அன்று, சோவியத் ஒன்றியம் ஜப்பான்மீது போர் அறிவித்தது. நள்ளிரவில் படைகள் மஞ்சூரியாவுக்குள் புகுந்தன. யால்டாவில் கொடுத்த வாக்கைக் காக்க, மாஸ்கோவில் கொடுத்த வாக்கு முறிக்கப்பட்டது. ஆறாண்டுகளுக்கு முன் கல்கின் கோலில் மூண்ட தீ, அதே எல்லையில் எரிந்து முடிந்தது.

தங்கைக்கு நான் சொன்ன விடை இதுதான்: ஒரே பட்டியலில் இருந்ததால் ஜப்பான் ஜெர்மனிக்காகப் போரிடும் என எண்ண வேண்டியதில்லை. எந்தக் கூட்டணியைப் படித்தாலும் மூன்று கேள்விகள் கேள். ஒருவர் மற்றவரிடம் எதைச் சொன்னார், எதை மறைத்தார்? யாருடைய கப்பல் யாருக்கு எதைக் கொண்டுபோயிற்று? அறையில் நாற்காலி இல்லாதவர் யார்?

அவள் சிரித்துவிட்டு, "தேர்வுல இதையெல்லாம் எழுதினா மார்க் போடுவாங்களா அக்கா?" என்றாள். தேர்வில் 'நேச நாடுகள்' என்றே எழுதச் சொன்னேன். எழுதும்போது அந்தச் சொல்லுக்குள் வங்கத்தின் பசியும் இருக்கிறது என்பதை மறவாதே என்றும் சொன்னேன்.