தேனி மாவட்டத்தில் நீரிழிவும் நாளமில்லாச் சுரப்பி நோய்களும்

நாளமில்லாச் சுரப்பிகள் என்பன, தாம் சுரக்கும் இயக்குநீர்களை (ஹார்மோன்களை) நாளங்கள் வழியாக அன்றி நேரடியாகக் குருதியில் கலக்கும் சுரப்பிகள் ஆகும். இச்சுரப்பு குறைவதாலோ மிகுவதாலோ உடல் அதற்கு உரியவாறு இணங்காமையாலோ ஏற்படும் நோய்களுள் நீரிழிவு நோயும் தைராய்டு குறைபாடும் மிகப் பரவலானவை. தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்திலும், அதன் பகுதியான கம்பம் பள்ளத்தாக்கிலும் இந்நோய்கள் தொடர்பாக மக்கள் மருத்துவரிடம் கொண்டு செல்லும் பொதுவான சிக்கல்களை இக்கட்டுரை விளக்குகின்றது. இவற்றுட் பெரும்பாலானவை எளிய குருதிச் சோதனையால் கண்டறியத்தக்கவை. காலந்தாழ்த்துவதும், மருந்தைத் தாமாகவே நிறுத்துவதுமே பெரிய கேடுகளுக்குக் காரணமாகின்றன.

பின்னணி

தேனி மாவட்டம் 1996 ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாடு, மேகமலைத் தொடர்களுக்கும் இடையே கம்பம் பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. 1895 இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீரால் இங்கு 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகின்றது. வாழை, தென்னை, திராட்சை ஆகியனவும் முதன்மையான பயிர்களாகும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023 இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் 2008 முதல் 2020 வரை நடத்தப்பட்டு 2023 இல் வெளியான ஆய்வின்படி, தமிழ்நாட்டில் வயது வந்தோருள் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. இந்திய அளவில் இது 11.4 விழுக்காடு ஆகும்.

நீரிழிவு நோய்

கணையம் சுரக்கும் இன்சுலின் போதாமையாலோ, அது சரிவரச் செயற்படாமையாலோ குருதியில் சர்க்கரை மிகுவது நீரிழிவு எனப்படும். வெறும் வயிற்றில் 126 மி.கி. அல்லது அதற்கு மேல், 75 கிராம் குளுக்கோசு அருந்திய இரண்டு மணி நேரத்தில் 200 மி.கி. அல்லது அதற்கு மேல் (ஒவ்வொன்றும் 100 மி.லி. குருதியில்), எச்.பி.ஏ1சி 6.5 விழுக்காடு அல்லது அதற்கு மேல் ஆகியவற்றுள் ஒன்று காணப்படின் நீரிழிவு எனக் கொள்ளப்படும். அறிகுறிகள் இல்லாதவரிடம் மறுசோதனை செய்து உறுதிப்படுத்துவது வழக்கம்.

முதல் வகை நீரிழிவு பெரும்பாலும் சிறுவரிடமும் இளையோரிடமும் தோன்றுகின்றது. மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், திடீர் உடல் மெலிவு ஆகியன இதன் அறிகுறிகள். இவர்களுக்கு இன்சுலின் உயிர்காக்கும் மருந்து. கசாயம், சூரணம் ஆகியவற்றை நம்பி அதனை நிறுத்தினால் சில நாட்களிலேயே குருதி அமிலமடைந்து உயிரிழப்பு நேரலாம்.

இரண்டாம் வகை, பெரியவர்களிடம் மிகுதியாகக் காணப்படுவது. இது பல ஆண்டுகள் அறிகுறியின்றி இருக்கக்கூடும். எனவே உடற்பருமன் உள்ளோரும் பெற்றோருக்கு நீரிழிவு உள்ளோரும் அறிகுறிக்காகக் காத்திராது சோதித்துக்கொள்ள வேண்டும்.

உணவு

வெள்ளரிசிச் சோறு மூன்று வேளையும் முதன்மையாக அமைவது சர்க்கரையைக் கூட்டும். சோற்றின் அளவைக் குறைத்துப் பயறு, காய், கீரை ஆகியவற்றைக் கூட்டுவது பொதுவான அறிவுரை. கம்பு, சோளம் ஆகியனவும் மாவுப்பொருள் மிக்கவையே. ஆகையால் அவற்றையும் அளவோடு உண்ண வேண்டும். 100 கிராம் திராட்சையில் ஏறத்தாழ 15 கிராம் சர்க்கரை உண்டு. பழம் முழுவதும் விலக்கத்தக்கதன்று. எனினும் தோட்ட வேலையின்போது கணக்கின்றி உண்பது தவிர்க்கத்தக்கது. கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் ஆகியன நீரிழிவுக்குத் தீங்கற்றவை என்னும் கருத்து தவறானது.

தொழிலும் மருத்துவமும்

போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி மலைச்சாலைகள் வழியாக இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களுக்கு நாள்தோறும் ஜீப்புகளில் சென்று திரும்பும் தொழிலாளர் பலர். விடியுமுன் புறப்படுவோர் இன்சுலினையோ, கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளையோ எடுத்துக்கொண்டு உணவைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே இறங்கக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் ஆகியன தோன்றும். உடனடியாக மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கலந்து அருந்தி, 15 நிமிடங்களில் சரியாகாவிடின் மீண்டும் அருந்த வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது. மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மலைச்சாலையில் வண்டி ஓட்டுவோருக்கு இது பிறர் உயிரையும் சார்ந்த சிக்கலாகும். புறப்படும் நேரத்தையும் உண்ணும் நேரத்தையும் மருத்துவரிடம் கூறினால், மருந்தையும் வேளையையும் அதற்கேற்ப மாற்றியமைக்க இயலும்.

நீரிழிவால் பாதத்தின் உணர்வு மங்குவதுண்டு. வயலிலும் தோட்டத்திலும் வெறுங்காலுடன் நடப்போருக்கு முள் தைத்ததும் தெரியாது. சிறு புண் காலை இழக்கும் நிலைக்கும் இட்டுச் செல்லக்கூடும். நாள்தோறும் மாலையில் பாதங்களைக் கழுவிப் பார்ப்பது இன்றியமையாதது.

திறக்கப்படாத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைத்தல் வேண்டும், உறையவிடலாகாது. குளிர்பெட்டி இல்லாத வீடுகளில், ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் சிறு பானையை வைத்து, அதனுள் நீர் புகாத உறையில் மருந்தை வைப்பது வெப்பத்திலிருந்து காக்கும்.

தைராய்டு நோய்கள்

கழுத்தின் முன்புறமுள்ள தைராய்டு சுரப்பி குறைவாகச் சுரந்தால் சோர்வு, எடை கூடுதல், மலச்சிக்கல், மாதவிடாய்க் கோளாறு ஆகியன ஏற்படும். டி.எஸ்.எச். சோதனையால் இதனை அறியலாம். தைராக்சின் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு உட்கொள்ள வேண்டும். இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளுக்கு இடையே நான்கு மணி நேர இடைவெளி தேவை. சோதனை அளவு சரியானதும் மாத்திரையைத் தாமாக நிறுத்துவது பரவலான தவறு; அந்த அளவு சரியானதே மாத்திரையால்தான். பிறவிக் குறைபாட்டுக்குப் பிறந்த சில வாரங்களுக்குள் மருத்துவம் தொடங்காவிடின் குழந்தையின் அறிவு வளர்ச்சி நிலையாகப் பாதிக்கப்படும்.

அயோடின் குறைபாட்டால் கழுத்துக் கழலை தோன்றும். இதனைத் தடுக்க, அயோடின் சேர்க்கப்படாத உப்பை நேரடியாக உண்பதற்கு விற்பது 2006 இல் இந்தியா முழுவதும் தடை செய்யப்பட்டது.

பெண்களும் கருவுற்றோரும்

ஒழுங்கற்ற மாதவிடாய், முகத்தில் முடி வளர்தல், கருத்தரிக்கத் தாமதம் ஆகியவற்றுக்குச் சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி பொதுவான காரணமாகும். திருமணமானால் சரியாகிவிடும் என்று விட்டுவிடுவது தவறு. இவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுதி.

கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் முதல் வருகையிலும், 24 முதல் 28 வாரங்களிலும் 75 கிராம் குளுக்கோசு கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்துச் சோதிப்பது இந்திய அரசின் வழிகாட்டுதல் ஆகும். 140 மி.கி. அல்லது அதற்கு மேல் இருப்பின் அது கருவுற்ற கால நீரிழிவு. வெறும் வயிற்றில் இருக்க வேண்டாத இம்முறையைப் பரப்பியவர்களுள் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வி. சேசையா குறிப்பிடத்தக்கவர். மகப்பேற்றுக்குப் பின் ஆறாம் வாரத்தில் மீண்டும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவ வசதிகள்

தேனி அரசு மருத்துவக் கல்லூரி 2004 இல் தொடங்கப்பட்டது. இதன் மருத்துவமனை ஆண்டிபட்டிக்கு அருகே க. விலக்கில் உள்ளது. பெரியகுளம், போடிநாயக்கனூர், உத்தமபாளையம், கம்பம் ஆகிய ஊர்களில் அரசு மருத்துவமனைகள் உள்ளன. 2021 ஆகத்து 5 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நீரிழிவு, உயர் குருதி அழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்துகள் வீட்டிலேயே வழங்கப்படுகின்றன. பகலில் மலைத் தோட்டத்தில் இருப்போர், தமக்குரிய மருந்தைப் பெறும் நாளையும் முறையையும் நலவாழ்வுப் பணியாளரிடம் முன்னரே பேசி வைத்துக்கொள்வது மருந்து இடையறாதிருக்க உதவும்.

இவற்றையும் பார்க்கவும்

நீரிழிவு நோய்
இன்சுலின்
தைராய்டு சுரப்பி
கம்பம் பள்ளத்தாக்கு